தோட்டத்து அடுப்பு: விறகு யாருடையது?

மலாயாத் தோட்டப்புற வரலாறு என்றாலே கப்பல் பயணம், கங்காணி, ரப்பர் விலை, சங்கப் போராட்டம் என்றுதான் பேச்சு தொடங்கும். இவை எல்லாம் சொல்லப்பட வேண்டியவைதாம். ஆனால், விடியற்காலையில் பெரட்டுக்குப் போவதற்கு முன் ஒரு தொழிலாளி குடித்த வரக்காப்பி எந்த விறகில் கொதித்தது? அந்த விறகைக் கொண்டு வந்தவர் யார்? அது யாருக்குச் சொந்தமான மரம்? இந்தக் கேள்விகளை எழுப்பியவர்கள் குறைவு. அடுப்பங்கரை வரலாற்றின் பின்கட்டில் இருப்பதால், அங்கே நடந்தது ஏட்டில் ஏறவில்லை.

நெகிரி செம்பிலான் மாநிலத்தை எடுத்துக்கொண்டு இந்தக் கேள்விகளுக்கு விடை தேடினால், ஒரு நூற்றாண்டுக் கால உழைப்பின் கதை அந்த அடுப்பின் வழியாகவே தெரியவரும்.

கரியின் பெயரைத் தாங்கிய ஊர்

இன்று விடுமுறை நாளில் குடும்பத்தோடு கடலில் குளிக்கப் போகும் போர்ட்டிக்சனுக்கு ஒரு பழைய பெயர் உண்டு. அது ‘ஆராங்’. மலாய் மொழியில் ஆராங் என்றால் கரி. கரி எடுத்துப் பிழைத்த சிறு கடற்கரைக் கிராமமாக அது இருந்தது. பின்னர் ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் பெயரைத் தாங்கித் துறைமுகமாயிற்று. 1891-ஆம் ஆண்டில் சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைக்கும் ரயில் பாதை திறக்கப்பட்டது. ஈயமும் காப்பிக்கொட்டையும், பிறகு ரப்பரும் அந்தப் பாதையில்தான் கடலுக்குப் போயின.

அன்றைய சுங்கை ஊஜோங் பகுதியில் ஈயம் உருக்கவும் மரக்கரி வேண்டியிருந்தது. ஆகவே, இந்த மாநிலத்தில் மரத்தை எரிப்பது என்பது வீட்டு வேலையாக மட்டும் இருக்கவில்லை. தொழிலும் நெருப்பும் தொடக்கத்திலிருந்தே கைகோத்து நடந்தன.

காட்டு விறகும் ரப்பர் விறகும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே வந்த தமிழர் பலர் முதலில் கண்டது காப்பித் தோட்டங்களையே. பிரேசில் காப்பியால் உலகச் சந்தையில் விலை சரிந்தது. பூச்சியும் நோயும் சேர்ந்துகொண்டன. தோட்டத்துரைமார்கள் ரப்பருக்கு மாறினார்கள். 1877-இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 கன்றுகளில் தொடங்கிய ரப்பர், 1896-இல் மலாக்காவில் டான் சாய் யான் என்பவரால் வணிக முறையில் பயிரிடப்பட்டது. பக்கத்து மாநிலமான நெகிரி செம்பிலானுக்கு அது பரவ நெடுநாள் ஆகவில்லை. சிரம்பான், லாபு, ரந்தாவ், சிலியாவ், லிங்கி, போர்ட்டிக்சன், தம்பின், பகாவ் என்று வரிசை வரிசையாகத் தோட்டங்கள் எழுந்தன.

காட்டை அழித்து எரித்த இடத்தில்தான் ரப்பர் நட்டார்கள். ஆகையால் முதல் தலைமுறையின் அடுப்பில் எரிந்தது காட்டு மரம். எரியாமல் எஞ்சிய அடிமரமும் வேரும் கிளையும் சில ஆண்டுகளுக்கு விறகாயின. அவை தீர்ந்த பிறகு, பால் தந்த மரமே விறகும் தரத் தொடங்கியது.

ரப்பர் மரம் 25 முதல் 30 ஆண்டுகள் வரை இலாபகரமாகப் பால் தரும். அதன் பிறகு மறுநடவு. அதற்கிடையிலும் விறகு கிடைக்க வழிகள் இருந்தன. புயற்காற்றில் கிளை முறியும். ஆர்.ஆர்.ஐ.எம். 501, 623 போன்ற ஒட்டுரகங்கள் காற்றுக்கு எளிதில் முறியக்கூடியவை. வெள்ளை வேர் நோய் பிடித்த மரம் நின்ற நிலையிலேயே பட்டுப்போகும். ஆண்டின் தொடக்க மாதங்களில் இலையுதிர்ந்து, தோட்டமே மொட்டையாக நிற்கும்போது காய்ந்த சுள்ளிகள் தரையெங்கும் கிடக்கும். விதை வெடிக்கும் ஓசை கேட்கும் நாட்களில் பிள்ளைகள் விதை பொறுக்க, தாய்மார்கள் சுள்ளி பொறுக்கினார்கள்.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விறகு தேவைப்பட்டது தொழிலாளர் வீட்டுக்கு மட்டுமா? இல்லை. தோட்டத்துக்கே அதைவிடப் பெரிய அடுப்பு ஒன்று இருந்தது. அதுதான் புகைக்கூடம். பாலை உறைய வைத்து, உருளையில் கொடுத்து, வரிப்பள்ளம் விழுந்த தகடாக்கி, அதைப் பல நாட்கள் புகையில் தொங்கவிட்டு உலர்த்தினார்கள். லண்டன் சந்தைக்குப் போன புகையூட்டிய ரப்பருக்குத் தரமும் விலையும் அந்த நெருப்பில்தான் கிடைத்தன. வெப்பம் கூடினால் தகடு பொங்கிக் கெடும். குறைந்தால் பூசணம் பிடிக்கும். எனவே புகைக்கூடத்தில் இரவெல்லாம் ஆள் நின்று நெருப்பைப் பார்த்துக்கொண்டார்கள். மறுநடவில் விழுந்த மரத்தின் நல்ல கட்டைகள் முதலில் அங்கேதான் போயின. கிளையும் தும்பும் லயத்துக்கு வந்தன.

லயத்து அடுப்பு

தோட்டத்து லயம் எப்படி இருந்தது என்பதை இன்றைய இளைஞர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. நீண்ட கொட்டகையைப் பலகைச் சுவரால் தடுத்து வரிசையாக அறைகள். ஓர் அறை ஏறக்குறைய 100 சதுர அடி. அதற்குள் ஒரு குடும்பம். சமையலுக்குத் தனி அறை என்பது பிற்காலத்தில் வந்தது. முன் தாழ்வாரத்திலோ, பின்புறச் சாய்ப்பிலோ, கால் நட்டுக் கட்டிய லயங்களில் வீட்டின் அடியிலோ அடுப்பு எரிந்தது. கொட்டகையின் ஒரு கோடியில் எழும்பிய புகை மறுகோடி வரை போகும். ஒரு வீட்டுச் சமையலைப் பத்து வீடுகள் முகர்ந்தன.

அடுப்பு என்பதும் பல வகை. அவசரத்துக்கு மூன்று கல் வைத்துக் கூட்டிய அடுப்பு. சற்று வசதி வந்ததும் செம்மண் குழைத்துப் போட்ட அடுப்பு. அதன் பக்கத்தில் கொடியடுப்பு. பெரிய அடுப்பில் சோறு கொதிக்கும்போது மிஞ்சிய அனல் உள்வழியாகப் போய்க் கொடியடுப்பில் குழம்பைச் சுண்ட வைக்கும். மேலே பரண், நாளைய விறகு இன்றைய சூட்டில் அங்கே காயும். பக்கத்தில் ஊதுகுழல். தஞ்சாவூரிலும் திருச்சியிலும் சேலத்திலும் ஆர்க்காட்டிலும் பழகிய கை, அங்கே அறிந்த அடுப்பையே இங்குள்ள மண்ணில் மறுபடி செய்தது. கப்பலில் ஏறும்போது அடுப்பைத் தூக்கி வர முடியாது. அடுப்புப் போடத் தெரிந்த அறிவு கூடவே வந்தது.

அந்த அடுப்பு யாருடைய நேரத்தைத் தின்றது? பால்மரம் வெட்டுவதற்கு விடியற்காலைதான் ஏற்ற நேரம். வெயில் ஏறினால் பால் ஓடாது. அதனால் ஆண், பெண் இருவரும் இருட்டிலேயே பெரட்டுக்களத்தில் நிற்க வேண்டும். பெண் அதற்கும் முன்பே எழுந்து அடுப்பு மூட்டி, காப்பி வைத்து, சோறாக்கி, பிள்ளைகளை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு ஓடினாள். பகலில் மரம் வெட்டி, பாலெடுத்து, ஸ்டோரில் நிறுத்துவிட்டுத் திரும்பும்போது தலையில் சும்மாட்டின் மேல் ஒரு விறகுக்கட்டும் இருந்தது. மரம் வெட்டியதற்குக் கூலி உண்டு. விறகுக்கட்டு சுமந்ததற்கு யாரும் பெயர்ப்பதிவு செய்யவில்லை.

பக்கத்துக் கம்பத்து அடுப்பு

நெகிரி செம்பிலானுக்கு மற்ற மாநிலங்களுக்கு இல்லாத ஒரு தனித்தன்மை உண்டு. இங்குள்ள மலாய் மக்களில் பலர் மினாங்கபாவ் மரபினர். ‘ஆடாட் பெர்பாத்தே’ என்னும் அவர்களுடைய வழக்கப்படி, பரம்பரை நிலம் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். 1909-ஆம் ஆண்டின் வழக்காற்று நில உரிமைச் சட்டம் இதற்கு எழுத்து வடிவமும் கொடுத்தது. ரெம்பாவிலும் கோலப்பிலாவிலும் ஜெலுபுவிலும் மூங்கிலில் லெமாங் சுட்ட, இறைச்சியைப் புகையில் வாட்டிச் ‘சாலாய்’ செய்த மலாய்ப் பெண் எரித்தது, பெரும்பாலும் அவளுடைய குலத்து நிலத்தில் விளைந்த விறகை.

வேலிக்கு இந்தப் பக்கம், அதே மண்ணில், அதே ரப்பர் மரத்தின் கிளையை எரித்த தமிழ்ப்பெண்ணுக்கு அந்த மரத்திலும் உரிமையில்லை, அடுப்பு வைத்த தரையிலும் உரிமையில்லை. அவள் எரித்தது தோட்ட நிர்வாகம் கண்டுகொள்ளாமல் விட்ட விறகு. கண்டுகொண்டால் அது குற்றம். ஒட்டுப்பால் துண்டு ஒன்றைக் கொளுத்தினால் ஈர விறகும் பற்றிக்கொள்ளும் என்பது தோட்டத்தில் அனைவருக்கும் தெரியும். ஆனால் ஒட்டுப்பாலும் கம்பெனியின் சொத்து, நிறுத்து விற்கப்படுவது. எனவே அடுப்பு மூட்டுவதில்கூடச் சொத்துரிமைக் கேள்வி ஒன்று மறைந்திருந்தது.

விறகு இனாமாகக் கிடைத்தது என்று சொல்வது வழக்கம். உண்மையில் அது எழுதப்படாத கூலியின் ஒரு பகுதி. எழுதப்படாததால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தப்படக்கூடியது.

நல்ல விறகு எது?

பொறுக்கி வந்த எல்லாவற்றையும் அடுப்பில் திணித்தால் சோறு வேகாது. தோட்டத்துப் பெண்கள் விறகைத் தேர்ந்தெடுத்த முறையில் நல்ல அறிவியல் இருக்கிறது.

முதல் விதி, ஈரம் கூடாது. அப்போது வெட்டிய பச்சை மரத்தில் ஏறக்குறைய பாதி எடை தண்ணீர். ஒரு கிலோ பச்சை விறகை அடுப்பில் வைத்தால் அதிலுள்ள அரை கிலோ தண்ணீரை ஆவியாக்கிய பிறகே மீதி நெருப்பு பானைக்கு வரும். நன்றாக உலர்ந்த விறகில் ஈரம் 20 விழுக்காட்டுக்கும் குறைவு. அதைக் கண்டறியக் கருவி தேவையில்லை. இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டினால் காய்ந்தது ‘டக்’கென்று கணீரென ஒலிக்கும், ஈரமானது மந்தமாக ஒலிக்கும். காய்ந்த கட்டையின் வெட்டுமுனையில் வெடிப்பு ஓடியிருக்கும். பட்டை தானே கழன்று வரும். தூக்கினால் எடை குறைவாக இருக்கும்.

இரண்டாவது, பிளந்து காய வைக்க வேண்டும். முழு உருளையாகக் கிடக்கும் கட்டையிலிருந்து ஈரம் வெளியேற நெடுநாள் பிடிக்கும். ரப்பர் மரம் கோடாலிக்கு எளிதில் பிளக்கும். அதில் மாவுச்சத்து மிகுதி. ஆகவே ஈரத்தோடு குவித்து வைத்தால் சில நாட்களிலேயே நீலப்பூசணம் படரும். வண்டு துளைத்து மாவாக உதிர்க்கும். உளுத்த விறகு எரியும்; ஆனால் அனல் நிற்காது. அதனால் வெட்டியவுடன் பிளந்து, தரையில் படாமல் இரண்டு கட்டைகளின் மேல் அடுக்கி, காற்றுப் போக இடைவெளி விட்டு, மேலே மட்டும் மூட வேண்டும். தரையோடு கிடந்தால் கறையானும், சில வேளைகளில் பாம்பும் குடியேறும். தீபகற்பத்தின் மழை குறைந்த பகுதிகளுள் ஒன்றான ஜெலுபுவில்கூட, கூரையில்லாமல் விறகு காயாது.

மூன்றாவது, மூன்று பருமனில் விறகு வேண்டும். பற்ற வைக்கச் சுள்ளி, தீ எழும்ப விரல் பருமன் குச்சி, நின்று எரிய மணிக்கட்டுப் பருமன் கட்டை. காய்ந்த தென்னம்பாளையும் மட்டையும் தீ மூட்ட நல்லவை. சிரட்டை மிகுந்த சூடு தரும். அதன் கங்கு நெடுநேரம் நிற்கும். மூங்கிலைக் கணுவோடு எரித்தால் உள்ளிருக்கும் காற்று சூடேறி வெடிக்கும். பிளந்துதான் போட வேண்டும்.

சில மரங்களை அறவே தவிர்க்க வேண்டும். ரெங்காஸ் மரத்தின் பால் பட்டால் தோல் வெந்ததுபோல் கொப்புளிக்கும். அதன் புகையும் தீங்கானது. சாயம் பூசியது, மருந்தேற்றியது, ஒட்டுப்பலகை ஆகியவையும் சமையல் நெருப்புக்கு ஆகாதவை. தோட்டங்களில் 1950-களில் மறுநடவுக்கு முன் கிழட்டு மரங்களைச் சாகடிக்கச் சோடியம் ஆர்சினைட் என்னும் கொடிய நஞ்சைப் பயன்படுத்திய காலமும் ஒன்று இருந்தது. மரம் எப்படிச் செத்தது என்று கேட்காமல் விறகெடுக்கக் கூடாது என்பதற்கு அதுவே போதிய காரணம்.

எரிக்கும் முறை

புகை என்பது எரியாமல் தப்பிப்போன விறகு. இந்த ஒரு வரியை மனத்தில் வைத்தால் அடுப்பின் நுணுக்கம் முழுவதும் விளங்கிவிடும். மரம் சூடானதும் அதிலிருந்து வாயுக்கள் வெளியேறும். போதிய சூடும் காற்றும் இருந்தால் அவை பிழம்பாக எரியும். இல்லாவிட்டால் கரும்புகையாகக் கண்ணைக் கரிக்கும்.

எனவே அடுப்பின் வாயை விறகால் அடைக்கக் கூடாது. கட்டைகளின் அடியில் காற்றுப் புக வழி வேண்டும். நேற்றைய சாம்பல் முழுவதும் நிறைந்திருந்தால் காற்று நுழையாது. ஆனால் சிறிதளவு சாம்பல் அடியில் இருந்தால் சூடு தங்கும். கட்டையின் முனை மட்டும் எரிய வேண்டும். எரிய எரிய உள்ளே தள்ள வேண்டும். பிழம்பின் நுனி பானையின் அடியைத் தொட வேண்டும். பக்கவாட்டில் வழிந்து ஓடினால் அந்த நெருப்பு வீண். கொதி வந்ததும் கட்டையை வெளியே இழுத்துக் கங்கிலேயே வேக விட வேண்டும். எரிவதைப் பிடுங்கினால் கொதிப்பது அடங்கும் என்ற பழமொழி, அடுப்படியில் நின்றவர்களின் அனுபவத்திலிருந்து பிறந்தது.

பானையின் வெளிப்புறத்தில் ஈரச் சாம்பலையோ மண்ணையோ பூசிவிட்டு ஏற்றினால் கரி ஒட்டாமல் கழுவ எளிது. சமையல் முடிந்ததும் அடுப்பு ஓய்வதில்லை. கங்கில் மரவள்ளிக்கிழங்கு சுடும். கரி இஸ்திரிப் பெட்டிக்குப் போகும். சாம்பல் பாத்திரம் துலக்கவும், மீதி வாழைக்குழிக்கும் போகும்.

அடுப்பு பறிபோன காலங்கள்

1942 முதல் 1945 வரையிலான ஜப்பானியர் ஆட்சியில் விறகு இருந்தது, அரிசி இல்லை. மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று. தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் சயாம் - பர்மா ரயில் பாதை போடப் பிடித்துச் செல்லப்பட்டனர். திரும்பாதவர்கள் ஏராளம். ஆண்கள் போன வீடுகளில் அடுப்பை அணையாமல் காத்தவர்கள் பெண்களே.

1948-இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 வரை அது நீடித்தது. தோட்டக் குடியிருப்புகள் ஓரிடத்தில் திரட்டப்பட்டு முள்வேலி போடப்பட்டது. வேலைக்குப் போகும்போது உணவு எடுத்துச் செல்கிறார்களா என்று வாயிலில் சோதனை நடந்தது. வேலிக்கு வெளியே செல்ல நேரக்கட்டுப்பாடு இருந்தபோது, விறகு பொறுக்கவும் அந்த நேரத்துக்குள்தான் முடியும். இதன் உச்சமாக, 1950-களின் பிற்பகுதியில் நடவடிக்கைப் பகுதிகள் சிலவற்றில் அரிசியை வீட்டில் சமைப்பதே தடுக்கப்பட்டது. பொதுச் சமையற்கூடத்தில் சோறாக்கி வீடுவீடாகப் பங்கிட்டார்கள். அரிசியைக் காட்டுக்குக் கடத்தலாம். சோற்றைக் கடத்தினால் கெட்டுப்போகும் என்பது கணக்கு. ஒரு வீட்டின் அடுப்பு எதைச் சமைக்கலாம் என்பதைக்கூட அரசு தீர்மானித்த காலம் அது.

அடுத்து வந்தது தோட்டத் துண்டாடல். வெளிநாட்டுக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் அவற்றைக் கூறுபோட்டு விற்றனர். 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அஜீஸ் ஆராய்ந்து அறிக்கை தந்தார். வேலையோடு வீடும் போனது. வீட்டோடு விறகும் போனது. தொழிலாளர்களே பங்கு சேர்த்துத் தோட்டம் வாங்க வேண்டும் என்ற எண்ணத்தோடு துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இந்தப் பின்னணியில்தான்.

செம்பனை வந்தது, விறகு போனது

1960-களுக்குப் பிறகு ரப்பர் நிலங்கள் செம்பனைக்கு மாறின. இதனால் வருமானம், வேலைமுறை எல்லாம் மாறியதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அடுப்புக்கு என்ன ஆயிற்று? செம்பனையின் தண்டில் பெரும் பகுதி தண்ணீர்; அது மரமே அன்று. வெட்டிப்போட்டால் அழுகும், எரியாது. காய்ந்த மட்டை சுள்ளிக்கு உதவும். நாரும் கொட்டை ஓடும் ஆலையின் கொதிகலனுக்கே போய்விடும். தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்து அடுப்பை எரித்த மரம், கண்ணெதிரே காணாமல் போயிற்று.

எஞ்சிய ரப்பர் மரத்துக்கும் வேறு வாடிக்கையாளர்கள் வந்தனர். 1967-இல் பிறையில் இயங்கத் தொடங்கிய மலாயாவாத்தா எஃகு ஆலை, இரும்பு உருக்க ரப்பர் மரக்கரியைப் பயன்படுத்தியது. பின்னர், வண்டும் பூசணமும் அண்டாதபடி மருந்தேற்றி, சூளையில் உலர்த்தும் முறை வளர்ந்தது. 1980-களிலிருந்து ரப்பர் மரம் நாற்காலியாகவும் மேசையாகவும் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறியது. விறகு என்று ஒதுக்கப்பட்ட மரம் நாட்டின் மரத்தளவாட ஏற்றுமதிக்கு அடித்தளமானது. இதே காலத்தில் மண்ணெண்ணெய் அடுப்பும், அதன் பின் எரிவாயுத் தோம்பும் லயங்களுக்கு வந்து சேர்ந்தன. இனாமாகக் கிடைத்த எரிபொருளின் இடத்தில் காசு கொடுத்து வாங்கும் எரிபொருள் வந்தது. அதற்கேற்பக் கூலி உயர்ந்ததா என்பது தோட்டப்புறம் நெடுங்காலம் கேட்டு வந்த கேள்வி.

புகையின் விலை

விறகு அடுப்பின் சுவையைப் பற்றி ஏங்கிப் பேசுவோர் இன்று பலர். அந்தப் பேச்சில் ஒரு பாதி விடுபட்டுப்போகிறது. மூன்று கல் அடுப்பில் எரியும் விறகின் வெப்பத்தில் பானைக்குச் சேர்வது 10 முதல் 15 விழுக்காடு மட்டுமே. எரிவாயு அடுப்பில் அது 55 விழுக்காட்டையும் தாண்டும். மீதி வெப்பம் காற்றோடு போகிறது. புகையோ மூச்சோடு உள்ளே போகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, வீட்டுப் புகையால் 2020-ஆம் ஆண்டில் 32 இலட்சம் பேர் உயிரிழந்தனர். நுரையீரல் நோய், மாரடைப்பு, பக்கவாதம், குழந்தைகளின் நிமோனியா ஆகியவை அதன் வழிகள். அடுப்புக்கு அருகில் நிற்பவர்கள் பெண்களும், அவர்கள் இடுப்பில் இருக்கும் குழந்தைகளும் என்பதால் அடி அவர்கள் மேல்தான் அதிகம் விழுகிறது.

இதை அறிந்தவர்கள் அக்காலத்திலேயே இருந்தார்கள். ஐதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த எஸ்.பி. ராஜு என்பவர், புகைபோக்கி வைத்த மண் அடுப்பை வடிவமைத்து, புகையில்லாச் சமையலறை பற்றி 1953-இல் ஒரு சிறு நூலே வெளியிட்டார். இந்திய அரசு 1980-களில் மேம்பட்ட அடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 2016-இல் ஏழைப் பெண்களுக்கு எரிவாயு இணைப்புத் தரும் உஜ்வலா திட்டத்தைக் கொண்டுவந்தது. ஒரு தகரப் புகைபோக்கிக்கு ஆகும் செலவு பெரிதன்று. ரப்பர் தகட்டுக்குப் புகை எவ்வளவு, சூடு எவ்வளவு என்று இரவெல்லாம் ஆள் வைத்து அளந்த தோட்டங்களில், லயத்துத் தாய்மார்களின் மூச்சில் போன புகையை அப்படி அளந்தவர் இல்லை.

‘அடுப்பூதும் பெண்களுக்குப் படிப்பெதற்கு’ என்ற பழைய பேச்சு ஒன்று நம்மிடையே உண்டு. அடுப்பூதுவதில் எத்தனை அறிவு இருந்தது என்பதை மேலே கண்டோம். அந்தப் பேச்சு அறிவையும் மதிக்கவில்லை. ஊதியவரின் நெஞ்சையும் நினைக்கவில்லை. ஊதுகுழலைக் கீழே வைத்த தலைமுறையின் பெண்பிள்ளைகள் பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் போனார்கள். விறகு பொறுக்கிய நேரம் அவர்களுக்குப் படிப்பு நேரமாயிற்று. எரிவாயுத் தோம்பு தோட்டத்துக்குக் கொண்டுவந்த மாற்றங்களில் இது சிறியதன்று.

இன்று செய்யக்கூடியது

நீலாயிலும் செண்டாயானிலும் பழைய தோட்ட நிலங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்துவிட்டன. லயங்கள் இடிக்கப்பட்ட இடங்களில் கோயில் மட்டும் நிற்கும் காட்சியும் உண்டு. பொங்கலன்றும் திருவிழா அன்னதானத்தன்றும் அங்கே மறுபடி விறகு அடுப்பு மூட்டப்படுகிறது. அன்றைக்கு மட்டுமாவது இந்த அறிவு கைகொடுக்கிறது. மூட்டுபவர்கள் சிலவற்றை மறக்கக் கூடாது. காய்ந்த, பிளந்த விறகையே வாங்க வேண்டும். மரத்தளவாடத் தொழிற்சாலைக் கழிவு மலிவாகக் கிடைக்கிறது என்று அண்டா அடுப்பில் போடக் கூடாது. அதில் பசையும் மருந்தும் இருக்கும். அடுப்பைத் திறந்தவெளியில் காற்றோட்டமுள்ள இடத்தில் வைக்க வேண்டும். மூடிய அறைக்குள் கரிநெருப்பு வைத்தால் மணமே இல்லாத நச்சு வாயு சேர்ந்து உயிரைக் குடிக்கும். சமையல் முடிந்ததும் கங்கில் நீர் தெளித்து முழுவதும் அணைக்க வேண்டும்.

இதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. தோட்டத்து அடுப்பு மூட்டிய கைகள் இன்று முதுமையில் நடுங்குகின்றன. எந்தத் தோட்டத்தில் விறகு எங்கே கிடைத்தது, யார் தடுத்தார்கள், யார் கண்டும் காணாமல் விட்டார்கள், அவசரகாலத்தில் வேலிக்குள் எப்படிச் சமைத்தார்கள், செம்பனை வந்தபோது என்ன செய்தார்கள் என்பதெல்லாம் அவர்கள் நினைவில் மட்டுமே இருக்கின்றன. கம்பெனிகளின் கணக்கேடுகளில் ஒவ்வொரு ராத்தல் ரப்பருக்கும் பதிவு உண்டு. தலைச்சுமையாக வந்த ஒரு விறகுக்கட்டுக்கும் அங்கே பதிவில்லை. வீட்டில் பாட்டியோ பெரியம்மாவோ இருந்தால், இந்த வாரம் அவர்களிடம் உட்கார்ந்து கேட்டு, பெயரும் ஊரும் ஆண்டும் சேர்த்து எழுதி வைக்கலாம். ரப்பரின் வரலாற்றை மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். அந்த ரப்பரை உண்டாக்கியவர்களுக்குச் சோறு பொங்கிய வரலாற்றை அவர்களுடைய பிள்ளைகள்தான் எழுத வேண்டும்.